இரண்டு தடவை உப்பு போட்ட சந்தகை

மெர்ச்சண்டைசராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மைக்கைப் பிடித்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "கடுமையா உழைங்க" என்று உளறிவிட்டு, சால்வையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே என் மேல் எனக்கு எரிச்சல். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

முதல் விஷயம், உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்பதுதான் நம் வேலை என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அந்தப் பையர் வாரக் கடைசியில் ஓட்டல் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தால், அவரைக் கூட்டிப் போய்ச் சாப்பிட வைத்து, சிரிக்க வைத்து, திங்கட்கிழமை காலையில் வயிறு கெடாமல் கொண்டுவந்து சேர்ப்பதும் நம் தலையில்தான் விழும். அதை யாரும் எழுத்தில் தர மாட்டார்கள்.

நான் வேலை பார்த்த பனியன் கம்பெனி முதலாளிக்கு இதெல்லாம் கொண்டாட்டம். புதிதாக ஒரு ரெஸ்டாரண்ட் திறக்கிறார்கள் என்றால் மனிதருக்குத் தூக்கம் வராது. இரண்டாயிரத்துக்குப் பிறகு கோயம்புத்தூரில் வரிசையாகத் திறந்துகொண்டே இருந்தார்கள். சைனீஸ், மொகலாய், செயற்கை அருவி கொட்டுகிற ரெஸ்டாரண்ட், ரயில் பெட்டி மாதிரி செட் போட்ட ரெஸ்டாரண்ட். சனிக்கிழமை சாயங்காலம் என் மேஜைப் பக்கம் வந்து, ஏதோ ரகசியம் சொல்கிற மாதிரி குனிந்து, "ஏனுங்க ஜெபராஜூ, அவினாசி ரோட்டுல புதுசா ஒண்ணு தொறக்கறாங்களாமா. பையரையும் கூட்டிட்டு ஒரு எட்டு போயிட்டு வந்தரலாமுங்களா?" என்பார். கேட்பதற்குக் கேள்வி போல இருக்கும். மறுநாள் காலை பத்து மணிக்கு வேன் வாசலில் நிற்கும்.

ஒரு தடவை பெங்களூருக்கே கிளம்பிவிட்டார். போக ஏழு மணி நேரம், சாப்பிட ஒரு மணி நேரம், திரும்பி வர எட்டு மணி நேரம். ஐஸ்கிரீமை எண்ணெயில் பொரித்துக் கொடுத்தார்கள், அதை ஓசூர் தாண்டியும் பேசினார், தருமபுரி தாண்டியும் பேசினார். சேலத்தில் நான் தூங்குகிற மாதிரி நடித்தேன்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்குக் கோபம் வேறு மாதிரி. ஞாயிறு ஆராதனைக்கு அவள் மட்டும் தனியாகப் போய் வருவாள். "உங்க பையருக்குத்தான் கோயில் கிடையாது, உங்களுக்குமா கிடையாது?" என்று கேட்பாள். நானும் நன்றாகத்தான் தின்றேன் என்பதை எப்படிச் சொல்வது? தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன் நான். மீன் என்றால் குழம்பு, இல்லாவிட்டால் பொரியல் என்று வளர்ந்தவனுக்கு அடுப்புக் கரியில் சுட்ட மீனும், எலுமிச்சையும், பச்சைச் சட்னியும் முதல் தடவை வாயில் பட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். முதலாளியைத் திட்டிக்கொண்டே போவேன், இரண்டாம் தடவை வாங்கித் தின்றுவிட்டு வருவேன்.

இன்னொன்றும் அங்கேதான் பழகிக்கொண்டேன். எங்கள் பக்கம் குழம்பு சரியில்லை என்றால் கல்யாண வீடு என்றும் பார்க்க மாட்டார்கள், பந்தியிலேயே சொல்லிவிடுவார்கள். கொங்கு மக்களின் மரியாதை வேறு. எப்படி இருக்கிறது என்று கேட்டவர் முகம் வாடக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. "நல்லா இருக்குதுங்க" என்பது எப்போதும் வாயில் தயாராக இருக்கும். வந்த புதிதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. பத்து வருஷத்தில் நானும் அப்படியே ஆகிவிட்டேன், அதுவும் அவர்களைவிட மோசமாக.

இப்போது ஹெலன் மேடத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் ஒரு பெரிய கடைக்காகத் துணியின் தரம் பார்க்கிறவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சிரித்துக்கொண்டே ரிஜக்ட் பண்ணுவார். எங்களிடம் அவர் வருவது அது இரண்டாவது சீசன். சின்னப் பிள்ளைகளுக்கான சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட டி-ஷர்ட். அந்த ஆர்டரை நம்பித்தான் முதலாளி புதிதாக இரண்டு தையல் லைன் போட்டிருந்தார். அந்த லைன்களுக்குச் சூப்பர்வைசர் முத்துலட்சுமி, திருநெல்வேலிக்காரி. தன் ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் டைலர்களைக் குடும்பத்தோடு கூட்டி வந்து, கம்பெனிக்குப் பக்கத்திலேயே ராயபுரத்தில் வீடு பார்த்துக் குடி வைத்திருந்தாள். ஹெலன் மேடம் மூன்றாவது சீசனுக்கு வந்தால் அத்தனை பேருக்கும் வேலை உண்டு. வராவிட்டால் அத்தனை பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சாயப்பட்டறை மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு துணி பிட்டைக் கையில் கொடுத்தார். "ரெண்டாவது லாட்டு செவப்பு, கொஞ்சம் விடறாப்புல இருக்குதுங்க" என்றார். தண்ணீரில் நனைத்தால் சிவப்பு சாயம் கிளம்பி வெள்ளைக் கோட்டில் ஏறுகிறது என்று அர்த்தம். அவர் முகத்தைப் பார்த்தாலே அது 'கொஞ்சம்' இல்லை என்று தெரிந்தது. நான் பிட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முதலாளியிடம் போனேன். "செவப்புல லேசா ஒரு பிரச்சனை மாதிரிங்க. பெருசா ஒண்ணும் இல்லீங்க, பாத்துக்கலாமுங்க" என்றேன். அவர் நிம்மதியாக, "பாத்துக்குங்க. நாளைக்கு நம்ம மாப்ள ரெஸ்டாரண்ட்டுல டேஸ்டிங்கு இருக்குது, அம்மணியக் கூட்டியாந்துருங்க" என்று போய்விட்டார்.

சாயங்காலம் ஹெலன் மேடம் கிளம்பும்போது கேட்டார், "மொத்தத் துணியும் நான் பார்த்த சாம்பிள் போலத்தானே வந்திருக்கிறது?"

"எக்ஸலண்ட், மேடம்" என்றேன்.

கவனித்தீர்களா? சாயப்பட்டறையில் புறப்பட்டபோது அது 'கொஞ்சம்'. முதலாளியிடம் போகும்போது 'லேசா'. பையரிடம் போய்ச் சேரும்போது 'எக்ஸலண்ட்'. இத்தனைக்கும் அதைச் சுமந்துகொண்டு போன வாய் முக்கால்வாசி என் வாய்தான். லேப் ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமைதான் வரும். மேடத்துக்குத் திங்கட்கிழமை ராத்திரி விமானம். அதற்குள் நம் பேச்சை நம்பி அவர் கையெழுத்துப் போட்டால் செவ்வாய்க்கிழமை கட்டிங் ஆரம்பம். வெட்டிய துணியை ஒட்ட வைக்க முடியாது. மண்டைக்குள் இதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் முத்துலட்சுமி வந்து, "அண்ணாச்சி, செவ்வாக்கெழம கட்டிங் வந்துருமுல்லா? ஆளுகள ஊருக்குப் போகாதீங்கன்னு சொல்லிரட்டுமா?" என்று கேட்டாள். "சொல்லும்மா" என்றேன். அதையும் சொன்னேன்.

மறுநாள் கோயம்புத்தூர். முதலாளியின் மச்சினன் வெள்ளிக்கிழமை திறக்கப் போகிற ரெஸ்டாரண்ட். திறப்பதற்கு முன்னால் சொந்தபந்தம், மில்காரர்கள், டாக்டர்கள் என்று ஒரு ஐம்பது பேரைக் கூப்பிட்டு எல்லா அயிட்டத்தையும் ருசி பார்க்கச் சொல்லியிருந்தார். ஆளுக்கு ஒரு கார்டு, ஒரு பேனா. அயிட்டம் பெயருக்கு எதிரே கருத்து எழுத வேண்டும். சமையல் மாஸ்டர் மும்பையிலிருந்து வந்தவர். மெனுவைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. பள்ளிபாளையம் பாஸ்தா. கம்பங்கூழ் சூப். கடைசியில், மாஸ்டரின் ஸ்பெஷலாக, சைனீஸ் சந்தகை. சந்தகை என்றால் இங்கே வீட்டில் பிழிகிற இடியாப்பம்தான். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றி நிம்மதியாகச் சாப்பிடுகிற பண்டம். அதைச் சோயா சாஸில் போட்டுப் புரட்டி, மேலே குடை மிளகாயை வேறு நட்டு வைத்திருந்தார்கள்.

ஹெலன் மேடம் குஷியாக இருந்தார். லண்டனில் சனி ஞாயிறு ஆனால் அவரும் கணவரும் புதுச் சாப்பாட்டுக் கடை தேடிக் கிளம்பிவிடுவார்களாம். கைப்பையிலிருந்து சின்னதாக ஒரு கறுப்பு நோட்டை எடுத்துக் காட்டினார். ஒரு கடைக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றே வரி. எது நல்லது, எது மோசம், மறுபடி வருவேனா. "இதில் பொய் எழுதினால் அடுத்த வாரம் நானேதான் ஏமாறுவேன்" என்றார். சாப்பாட்டுக்கும் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டா என்று மனதுக்குள் நொந்துகொண்டேன்.

பாஸ்தா பரவாயில்லை. சூப் உண்மையிலேயே நன்றாக இருந்தது. பிறகு சந்தகை வந்தது. ஒரு வாய் வைத்ததும் நாக்கு சுருண்டது. ஒருவர் போட்ட பிறகு இன்னொருவரும் உப்பு போட்டுவிட்டார் என்று குழந்தைக்கும் தெரியும். சுற்றிப் பார்த்தேன். எதிர் மேஜை டாக்டர் ஒரே மூச்சில் தண்ணீர் கிளாஸைக் காலி பண்ணினார். ஒரு மில்காரரின் மனைவி கண்ணில் நீரோடு சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மச்சினன் கையைக் கும்பிட்டபடி மேஜை மேஜையாக வருகிறார். "எப்புடிங்க இருக்குது?"

"சூப்பருங்க!"

"அருமைங்க, இந்த மாதிரி சாப்பிட்டதே இல்லீங்க."

அது மட்டும் உண்மை. எங்கள் மேஜைக்கு வந்தபோது முதலாளி முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "அம்சமா இருக்குது மாப்ள" என்றார். நானும் தலையாட்டினேன். கார்டில் 'எக்ஸலண்ட்' என்று எழுதினேன். மீதியை யாரும் பார்க்காத நேரத்தில் டிஷ்யூ பேப்பரில் சுருட்டித் தட்டுக்கு அடியில் தள்ளினேன். கார்டு கொடுத்தது கருத்துக் கேட்கத்தானே? மும்பை மாஸ்டர் சமையல்கட்டு வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஜமாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது அந்த மனிதர் ஒருவர்தான். அவரிடம் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

முதலாளி அந்தப் பக்கம் எழுந்து போனதும் ஹெலன் மேடம் என் கார்டை எட்டிப் பார்த்தார்.

"எக்ஸலண்ட்?"

"ஆமாம், மேடம்."

"அப்படியென்றால் தட்டுக்கு அடியில் இருப்பது என்ன?"

அசடு வழிந்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார், "நேற்று சாயங்காலம் நான் துணியைப் பற்றிக் கேட்டபோதும் இதே வார்த்தையைத்தானே சொன்னீர்கள்?"

அவருக்கு ஒன்றும் தெரியாது. சந்தேகம்கூட இருந்திருக்காது. ஆனால் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஐஸ்கிரீம் வந்தது, நான் தொடவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் திங்கட்கிழமை கையெழுத்து கிடைக்கும், கட்டிங் நடக்கும், முத்துலட்சுமி ஆட்கள் தைப்பார்கள். ஆறு வாரம் கழித்து லண்டனில் ஒரு தாய் அந்தச் சட்டையைத் துவைப்பாள். அதோடு கதை முடிந்தது. இல்லை என்று சொன்னால் இன்றைக்கே முடிந்தாலும் முடியும். முதலாளியிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தால், அவர் தூரத்தில் யாரிடமோ சந்தகையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

"இல்லை மேடம்" என்றேன். "இரண்டாவது லாட்டில் சாயம் போகிறது. நேற்று மத்தியானமே எனக்குத் தெரியும்."

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "எவ்வளவு போகிறது?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு 'கொஞ்சம்' என்று வாயில் வந்துவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன். அடக்கிக்கொண்டு, முந்தின நாளிலிருந்து பையிலேயே சுமந்துகொண்டிருந்த பிட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அப்போதுதான் சர்வர் கை கழுவ வெந்நீர்க் கிண்ணம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், எலுமிச்சைத் துண்டு மிதக்க. மேடம் எலுமிச்சையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, பிட்டைக் கிண்ணத்துக்குள் அமுக்கினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தண்ணீர் முதலில் ரோஸ் நிறமானது. பிறகு ரோஸ்மில்க் எசன்ஸைக் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. பிட்டை எடுத்து வெள்ளை நாப்கினில் வைத்து அழுத்தினார். கோடு கோடாகச் சிவப்பு பதிந்தது.

பக்கத்து மேஜை அம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இது என்ன அயிட்டமுங்க? எங்களுக்கு வரலீங்களே!" என்றார்.

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. அந்தச் சத்தத்தில் முதலாளி திரும்பி வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார், நாப்கினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் பனியன் துணியோடு கிடந்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "லேசானு சொன்னீங்களே ஜெபராஜூ" என்றார். குரலே எழும்பவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தப்புங்க. லேசா இல்லீங்க, நெறைய போகுதுங்க" என்றேன்.

திங்கட்கிழமை மேடம் கையெழுத்துப் போடவில்லை. அந்த லாட்டைத் திருப்பிச் சாயப்பட்டறைக்கு அனுப்பச் சொன்னார். மறுபடி அலசிச் சரி பண்ணி, லேப் ரிப்போர்ட் வந்த பிறகுதான் கட்டிங். கப்பல் பிந்தினால் தன் ஆபீஸில் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார், ஆனால் அடுத்த சீசனைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. முத்துலட்சுமியிடம் கட்டிங் பத்து நாள் ஆகும் என்றதும் கொதித்துப் போனாள். "சனிக்கெழமையே சொல்லியிருந்தா இந்தப் பத்து நாளு ஊருக்காவது போயிட்டு வந்திருப்போம்லா! இப்ப ரூமுல உக்காந்து சுவத்தப் பாக்கச் சொல்லுதியளா?" கேட்டுக்கொண்டு நின்றேன். நியாயம் அவள் பக்கம் இருந்தது.

ராத்திரி விமானத்துக்கு மேடத்தை ஏற்றிவிடப் போனேன். இறங்கும்போது கறுப்பு நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தார். "இது வரைக்கும் யாருக்கும் கிழித்துக் கொடுத்ததில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வேனில் உட்கார்ந்து படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன்.

மறுநாள் காலை, மேடம் நோட்டிலிருந்து ஒரு தாள் கொடுத்ததைச் சொன்னதும் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "அம்மணி ரெஸ்டாரண்ட்டப் பத்தி நல்லா எழுதியிருக்காங்களா?"

"இல்லீங்க" என்றேன். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் உண்மையாகச் சொன்ன இரண்டாவது 'இல்லீங்க' அது. முதலாவது அந்த ரெஸ்டாரண்ட்டில் சொன்னது. "சந்தகைல உப்பு ரெண்டு தடவ போட்டுருக்குதுனு எழுதியிருக்காங்க."

முதலாளி போனை எடுத்தார். "மாப்ள, அந்தச் சந்தகைல உப்பு கரிக்குது மாப்ள... ஆமா, எனக்கு அன்னைக்கே தெரியும்... என்ன, உனக்கும் தெரியுமா? அப்பறம் எதுக்கு எல்லார்த்தையும் கூப்பிட்டுத் தின்னச் சொன்னே?" போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. மீதி வரிகளையும் படிக்கச் சொன்னார். படித்தேன். எழுந்து வந்து என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

நான் நேராகத் தையல் ஹாலுக்குப் போனேன். லைன் ஓடவில்லை, முத்துலட்சுமி மட்டும் மிஷின்களுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். "அந்தம்மா அடுத்த சீசனுக்கும் வருவாங்க" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவா அண்ணாச்சி? இல்ல, நான் வெசனப்படக் கூடாதுன்னு சும்மா சொல்லுதியளா?"

பிள்ளைகளே, அந்தக் கேள்விதான் எனக்கு உறைத்தது. அதற்கு மேல் என் வாய்ப்பேச்சு அவளிடம் செல்லாது. பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். இங்கிலீஷில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

நல்லது: சூப், வெந்நீர்க் கிண்ணம். மோசம்: சந்தகை, உப்பு இரண்டு தடவை, துணி விஷயத்தை ஒரு நாள் மறைத்தது. மறுபடி வருவேனா: ரெஸ்டாரண்ட்டுக்கு மாட்டேன், கம்பெனிக்கு வருவேன்.

ஒரு வரியையும் விடாமல் படித்தேன். அந்த ஒரு நாளையும் சேர்த்துத்தான்.